ஆனுவல் பூ

முதலிலேயே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதையும் முழுசாக முடித்தேனா என்று எனக்கே சந்தேகம். எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிவிடுவேன். பெயர்கள் மறந்துபோகும். நம்ம ஊர்க்காரர்கள் நடத்தும் இந்தப் பத்திரிகைக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள், நீயும் எழுதும்மா என்று என் மகள் பல தடவை சொன்னாள். அப்போது நான் எழுதவில்லை. எதற்காக என்னை ஒரு மூலையில் உட்காரவைத்து எழுதச் சொல்கிறாள் என்ற யோசனை வந்துவிட்டது. இப்போது யாரும் சொல்லாமல் நானாகவே எழுதுகிறேன். எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1

நேற்றுக் காலையில் பால்கனிக் கதவைத் திறந்தேன். தொட்டிச் செடிகள் எல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கின. ராத்திரி முதல் பனி விழுந்திருக்கிறது. நம்ம ஊரில் மார்கழியில் விழுமே, அந்தப் பனி இல்லை. இது கொல்லுகிற பனி. முந்தாநாள் வரை பூத்துக்கொண்டிருந்த செடிகள்.

நான் இருப்பது கனடாவில், டொரண்டோ பக்கம். என் ஒரே மகள் செல்வியின் வீடு, ஒன்பதாவது மாடி. வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு ஊரில் கோரமண்டல் லைன் வீட்டைப் பூட்டி, சாவியை எதிர் லைன் மேரியிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்தேன். வந்த புதிதில் லிஃப்டை நான் கேஜ் என்றுதான் சொல்வேன். "கேஜுன்னா இங்க கோழிக்கூண்டுன்னு நெனச்சிப்பாங்கம்மா" என்று செல்வி சிரிப்பாள். சிரிக்கட்டும். அவள் அப்பா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துக்குள் தினம் கேஜில் இறங்கி ஏறின சம்பாத்தியத்தில் படித்தவள்தானே.

இங்கேயே தங்குவதற்கு எனக்கு ஒரு பேப்பர் போட்டிருக்கிறார்கள். அது எந்த ஆபீசில், எந்த மேஜையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தபால்காரர் வரும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்ப்பேன். பீட்சாக் கடை விளம்பரம் வந்திருக்கும். இதற்கு நடுவில்தான் இந்த வெயில் காலம் வந்தது. இந்த வெயில் காலம் முழுக்க என் மனதில் ஓடினது ஒன்றே ஒன்று: இவர்கள் என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். ஊருக்குப் போக எனக்குப் பயமில்லை. ஆனால் வீட்டைப் பூட்டும்போது லைன் முழுக்க வந்து நின்று, "மக கூட நிம்மதியா இரு" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த லைனுக்குள் தனியாக, பெட்டியோடு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்?

அந்தச் சந்தேகத்தை ஆரம்பித்து வைத்தது இந்தப் பூச்செடிகள்தான்.

2

மே மாதம் ஒரு நாள் செல்வி, "ஜூலை கடைசி சனிக்கிழமை ஒரு பார்ட்டி வெக்கிறோம்மா. பால்கனி ஃபுல்லா பூ இருக்கணும். உன் பொறுப்பு" என்றாள்.

"இன்னாத்துக்குடி பார்ட்டி? யாருக்கு இன்னா விசேஷம்?"

"விசேஷம்லாம் ஒன்னும் இல்ல. சும்மா. சம்மர் பார்ட்டி."

சும்மா என்று சொன்னவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவளுக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. மைன்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், வெளியூரிலிருந்து பெரிய ஆபீசர்கள் வருகிறார்கள் என்றால் ஆபீஸ் வாசலில் பூந்தொட்டிகள் வரிசையாக வந்து நிற்கும். தொட்டிக்குச் செம்மண் பூசி, ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, டேலியாவும் செவ்வந்தியும் அப்படிப் பூத்திருக்கும். நாங்கள் குழாயடியில் நின்று பார்ப்போம். வந்தவர்கள் டீ குடித்து, கைகுலுக்கி, போய்விடுவார்கள். கொஞ்ச நாளில் ஒரு ஷாஃப்ட் மூடினார்கள் என்று பேச்சு வரும். இல்லாவிட்டால் ஒரு ஷிப்ட் குறைந்தது என்று வரும். தொட்டி வந்தால் நோட்டீஸ் வரும் என்று என் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார். "இன்னைக்கு டேலியா வெச்சிருக்கான். யாரு தலையோ தெரியல" என்பார். அவர் தலைக்கும் ஒரு நாள் வந்தது.

அதனால் பூந்தொட்டியை வரிசையாகப் பார்த்தால் எனக்கு அழகாகத் தோன்றாது. யாரோ போகப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். இந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். செல்வி, அவள் புருஷன், நான். இதில் யார் போவார்கள் என்பதற்குக் கணக்குப் படிக்க வேண்டுமா?

3

மாப்பிள்ளைக்குத் தும்கூர் பக்கம். கன்னடம் பேசுகிறவர். தமிழும் வரும், உடைந்து வரும். என்னோடு அதிகம் பேசமாட்டார். நானும் அவர் எதிரில் உட்காரமாட்டேன். அவர் ஹாலுக்கு வந்தால் நான் சமையலறை, அவர் சமையலறைக்கு வந்தால் நான் பால்கனி. இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அவர்தான் ஒரு சனிக்கிழமை காரில் மண் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். பிரித்துப் பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுப்பு மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக, அரிசி நொய் மாதிரி ஏதோ கலந்திருந்தது. கையில் எடுத்து நசுக்கினால் மாவாகிறது. நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தங்கம் எடுத்த கழிவைக் கொட்டிவைத்த சைனைட் மேட்டிலிருந்து ஆடிக் காற்றுக்கு எழும்பி வந்து சோற்றுப் பானையிலும் துணியிலும் படியுமே, அந்த வெள்ளை. என் வாசல் டப்பாக்களில் வைத்திருந்த செடிகளின் இலையை எத்தனை வருஷம் ஈரத்துணியால் துடைத்திருக்கிறேன்!

முறத்துக்கு எங்கே போவது? பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து அந்த மண்ணைப் புடைக்க ஆரம்பித்தேன். வெள்ளை எல்லாம் லேசாக மேலே வந்தது. அதை ஒரு பையில் தள்ளினேன். பாதி மூட்டை முடிந்திருக்கும், மாப்பிள்ளை வந்து பார்த்து அலறிவிட்டார்.

"அத்தே, அத்தே! பிசாக்க பேடி! அது துட்டு குடுத்து வாங்கினது!"

எறியாதீர்கள் என்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "சைனைட்டு மாதிரி கீதுப்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்தச் சமயத்தில் பக்கத்துப் பால்கனித் தடுப்புக்கு அந்தப்புறமிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. தவமணி. என் வயசுதான் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட அம்மா.

"என்ன அக்கா, மண்ணைப் போட்டுப் புடைக்கிறியள்? சோறு காய்ச்சப் போறியளோ?"

"வெள்ளையா என்னமோ கீதும்மா உள்ள."

"அது நல்ல சாமான். வேருக்குக் காத்துப் போறதுக்குப் போடுறது. திருப்பிக் கொட்டுங்கோ."

திருப்பிக் கொட்டினேன். முழுசாக நம்பியதால் இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, முன்னாலேயே பேசி வைத்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேதான் கொட்டினேன்.

4

செடிகள் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வந்தன. ஊதா, வெள்ளை பெட்டூனியா. சிவப்பு ஜெரேனியம். அப்புறம் நம்ம செண்டுப்பூ. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தியிருந்தது. செல்வியைப் படிக்கச் சொன்னேன்.

"ஃபுல் சன்... வாட்டர் டெய்லி... ஆனுவல்."

"ஆனுவலா?"

"ஆமாம்மா. எல்லாமே ஆனுவல்தான்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனுவல் தெரியாதா எனக்கு? ஸ்கூலில் ஆனுவல் டே. மைன்ஸில் ஆனுவல் லீவு. ஆனுவல் லீவு வந்தால் மாரிகுப்பம் ரயிலேறி, பங்காருபேட்டையில் மாறி, குடியாத்தம் பக்கம் மாமியார் ஊருக்குப் போவோம். எது தவறினாலும் அது தவறாது. எங்கள் ஊரில் ஆனுவல் என்றால் வருஷா வருஷம் வருவது. அப்படியானால் இந்தச் செடியும் அடுத்த வருஷம் வரும். அதற்கடுத்த வருஷமும் வரும். தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் இங்கே இருந்துதானே ஆக வேண்டும்? அனுப்பப் போகிறவளிடம் வருஷா வருஷம் பூக்கிற செடியை யாராவது கொடுப்பார்களா?

அந்த நினைப்பில் இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினேன். செடிகளையும் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். தொட்டிகளைக் கம்பிக்கு வெளிப்பக்கம் மாட்டினோம். அங்கேதான் வெயில். மூன்றாவது வாரம் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டிட ஆபீசில் ஒட்டியது. மேலே பெரிய எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நோட்டீஸ்.

அதற்குமேல் படிக்க எனக்குத் தெரியாது, தைரியமும் இல்லை. கிழித்து மடித்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து இன்னொன்று வந்தது, சிவப்பு எழுத்தில். அது செல்வி கையில் கிடைத்துவிட்டது. தொட்டியைக் கம்பிக்கு வெளியே மாட்டக்கூடாதாம், கீழே யார் தலையிலாவது விழுமாம், அவ்வளவுதான் விஷயம். "மொத நோட்டீஸ் எங்கம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே அரிசி அளக்கும்போது அவளுக்கே கிடைத்தது. அவள் திட்டவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதற்கு எதற்குக் கண் கலங்க வேண்டும்? எனக்கு மறுபடியும் தூக்கம் போயிற்று.

தொட்டிகள் எல்லாம் உள்ளே, தரைக்கு வந்துவிட்டன. தரையில் வெயில் ஓரிடத்தில் நிற்காது. காலையில் ஒரு மூலை, மத்தியானம் நடு, சாயங்காலம் இன்னொரு மூலை. ஆகவே ஷிப்ட் போட்டேன். பெட்டூனியா முதல் ஷிப்ட், செண்டு மத்தியான ஷிப்ட், ஜெரேனியம் கடைசி ஷிப்ட். தள்ளித் தள்ளி என் இடுப்பு போனது. ஆனால் எல்லாருக்கும் சம வேலை, ஒருவரும் குறை சொல்லவில்லை.

5

ஜூலை பிறந்ததும் வீட்டில் நடப்பது ஒன்றும் சரியாக இல்லை.

பெரிய பெட்டியை மேலேயிருந்து இறக்கினார்கள். குளியலறையில் ஆள் எடை பார்க்கிற மிஷின் மேல் அதை வைத்துப் பார்த்தார்கள். நான் போனதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நாள் செல்வி, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, "கோரமண்டல் வீட்டுச் சாவி மேரியக்காகிட்டதானே கீது?" என்றாள். இன்னொரு நாள், "அங்க குழாயில இப்பல்லாம் தண்ணி வருதா?" என்றாள். எனக்கு வீட்டைத் தயார் பண்ணுகிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை இன்னும் மோசம். திடீரென்று பாசமாகிவிட்டார். "அத்தே, டீ பேக்கா?" என்று காலையில் கேட்கிறார். "பேடாப்பா, வேண்டாம்" என்றேன். போட்டே கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் எந்த மாத்திரையை எப்போது போடுகிறேன் என்று கேட்டார். ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டார். பேசாத மனிதர் இப்படிப் பேசினால் என்ன அர்த்தம்? போகிற ஆளிடம்தான் எல்லாரும் நல்லபடியாக நடந்துகொள்வார்கள். மைன்ஸ் மூடிய வருஷம் என் வீட்டுக்காரரிடம் அதுவரை முகம் கொடுக்காத மேஸ்திரிகூட தோளில் கை போட்டுப் பேசினார்.

இதற்கு நடுவில் செடிகள் காலை வாரின. பெட்டூனியா எல்லாம் கொடி மாதிரி நீண்டு, நுனியில் மட்டும் ஒரு பூ. நடுவில் வெறும் குச்சி. பார்ட்டிக்கு மூன்று வாரம்கூட இல்லை. தவமணி தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, பாதிக்குப் பாதி வெட்டி விடுங்கோ. வாடின பூவெல்லாத்தையும் கிள்ளி எறியுங்கோ."

"பார்ட்டி வருதேம்மா. வெட்டினா மொட்டையா நிக்குமே."

"வெட்டினால்தான் வடிவாப் பூக்கும். நான் சொல்லுறன், பாருங்கோ."

என் பால்கனி பூக்காமல் போனால் இவருக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் பால்கனியில் நாலே தொட்டி, அதுவும் கத்தரியும் மிளகாயும். பொறாமை இருக்கலாம். ஆகவே பாதித் தொட்டிகளை வெட்டினேன், பாதியை விட்டுவிட்டேன். வெட்டும்போது, "சரி போ, இந்த வருஷம் பூக்காட்டி அடுத்த வருஷம் பூக்கும். ஆனுவல்தானே" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

தவமணி சிரித்தார். "என்ன விசர்க்கதை அக்கா? ஆனுவல் எண்டால் ஒரு வருசப் பூக்கண்டு. பனி வர எல்லாம் செத்துப் போயிடும். பிறகு தூக்கி எறியிறதுதான்."

கத்தரிக்கோல் கையிலேயே நின்றது. ஒரு வருஷம்தானா? ஒரு வெயில் காலத்துக்கு மட்டும் வாங்கி, தண்ணீர் ஊற்றி, பார்ட்டி முடிந்ததும் எறிவதா? செல்வி சீட்டைப் படித்தபோது இது தெரிந்துதானே படித்தாள்?

தவமணி குரலைத் தணித்துக் கேட்டார்.

"அது கிடக்கட்டும், உங்கட மகள் எப்ப வெளிக்கிடுறா?"

எனக்குக் காது சுட்டுவிட்டது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. நம்ம பக்கம் வெளிக்கு என்றால் காலையில் செம்பு எடுத்துக்கொண்டு போகிற காரியம். லைன் வீட்டுக்காரர்களுக்கு அதற்கு வரிசையில் நின்றது மறக்காது. ஒரு படித்த பெண் எப்போது அதற்குப் போகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாளா? "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அதன் பிறகு அவர் இருக்கிற நேரத்தில் நான் பால்கனிக்குப் போகவில்லை. செடிகளின் ஷிப்ட்டையே மாற்றிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் செல்வி வராந்தாவில் அவரோடு நின்று குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்தேன். தவமணி அவள் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரரை வேலையைவிட்டு அனுப்பியபோது அவருக்குக் கடைசியில்தான் தெரிந்தது. எனக்கு அப்படி ஆகக்கூடாது. என் பையை எடுத்து அடுக்கினேன். நான்கு புடவை, மாத்திரை, அவர் போட்டோ. ஜிப்பை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

6

சொல்ல மறந்துவிட்டேன். வெட்டிவிட்ட தொட்டிகள் பூத்தன. எப்படிப் பூத்தன என்கிறீர்கள்! குச்சியே தெரியாமல், இலையே தெரியாமல், ஊதாவும் வெள்ளையும் தொட்டிக்கு வெளியே வழிந்தது. வெட்டாத தொட்டிகள் வெட்கப்பட்டு மூலையில் நின்றன. செண்டு மஞ்சளும் ஆரஞ்சுமாக நிமிர்ந்து நின்றது. சனிக்கிழமை காலையில் அவற்றை வரிசையாக அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ஆபீஸ் வாசல் மாதிரியே இருந்தது. சுண்ணாம்புக் கோடு ஒன்றுதான் பாக்கி.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். செல்வி ஆபீஸ், மாப்பிள்ளை ஆபீஸ், வெள்ளைக்காரர்கள், பஞ்சாபிகள், எல்லாரும். மாப்பிள்ளை பிசிபேளேபாத் அவர் கையாலேயே செய்திருந்தார். தவமணி ஒரு தட்டு ரோல்ஸோடு வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. எல்லாரும் பால்கனிக்குப் போய்ப் பூக்களைப் போட்டோ எடுத்தார்கள். நான் சமையலறை வாசலோடு நின்றேன்.

மாப்பிள்ளை ஒரு கிளாசைக் கரண்டியால் தட்டினார். பேச ஆரம்பித்தார், இங்கிலீஷில். எனக்குப் பிடிபட்டது மூன்றே சொல். ஒன் இயர். பெங்களூர். அத்தே. எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிவிட்டு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, பாவம்போல் ஏதோ சொன்னார்.

சரி, ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனேன். பையை இழுத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டேன். ஹாலுக்கு வந்து அத்தனை பேர் நடுவில் நின்றேன். என் வாழ்க்கையில் அத்தனை பேர் நடுவில் நான் நின்றதே இல்லை.

"மாப்பிள்ளை, நான் ரெடி. வண்டி எப்போ?"

அவர் முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

செல்வி ஓடி வந்தாள். "எங்கம்மா போற?"

"எங்கனா? ஊருக்குத்தான். அதான் எல்லாரும் கைதட்டினாங்களே! ஒரு மாசமா பொட்டிய எடை போட்டுகினு, சாவி எங்க கீது, தண்ணி வருதான்னு கேட்டுகினு... நான் இன்னா சின்னக் கொழந்தையா? மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நானே போயிருப்பேனே! இன்னாத்துக்கு எனக்குப் பூ?"

தமிழ் தெரியாதவர்கள்கூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். தவமணிதான் தலையில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயோ அக்கா, வெளிக்கிடுறது நீங்கள் இல்லை! உங்கட மகளெல்லோ வெளிக்கிடுறா! நான் அண்டைக்கே எப்ப பயணம் எண்டு கேட்டனான். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டியள்!"

"நீ கேட்டது பயணத்தையா?"

"வேறை எதைக் கேப்பன்?"

எதைக் கேட்டதாக நினைத்தேன் என்று அவரிடம் இன்றைக்கு வரை நான் சொல்லவில்லை.

செல்வி என்னைச் சோபாவில் உட்காரவைத்துத் தரையில் உட்கார்ந்தாள். "கம்பெனில என்னைத்தாம்மா ஒரு வருஷம் பெங்களூருக்குப் போவச் சொல்லிட்டாங்க. உன்னை இட்டுகினு போலாம்னா, பேப்பர் பாதியில கீது, நடுவுல கிளம்பினா சிக்கல்னு சொல்றாங்க. விட்டுட்டுப் போறேன்னு உன்கிட்ட சொல்ல வாய் வரல. நாலு பேரு இருந்தா நீ அழமாட்டே, அதான் பார்ட்டில சொல்லலாம்னு..."

"செல்வி உங்ககிட்ட சொல்லிட்டான்னு நான் நெனச்சேன் அத்தே" என்று மாப்பிள்ளை ஏதோ சமாதானம் சொன்னார். செல்வி அவரை முறைத்தாள்.

நான் பால்கனியைப் பார்த்தேன். வரிசையாகப் பூந்தொட்டிகள். என் சந்தேகம் பொய்யில்லை. யாரோ ஒருவர் போகத்தான் போகிறார்கள். யார் என்பதில்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். அவள் போகிற ஊர் என் ஊர்ப் பக்கம். நான் இருக்கப்போவது அவள் ஊர். இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "பூவுக்குத் தண்ணி ஊத்தணும்" என்று எழுந்தேன்.

"ஒரே ஒரு வருஷம்தாம்மா" என்று பின்னாலேயே வந்தாள் செல்வி.

"ஆனுவலா?" என்றேன்.

"ஆமா, ஆனுவல்னு வெச்சிக்கோயேன்."

"சீட்டுல போட்ட ஆனுவலா, நம்ம ஊரு ஆனுவலா?"

அவளுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

7

ஆகஸ்டில் அவள் போனாள். இப்போது இந்த வீட்டில் நானும் மாப்பிள்ளையும். அவர் ஹாலுக்கு வந்தாலும் நான் எழுந்திருப்பதில்லை, முழங்கால் வலிக்கிறது. "டீ பேக்கா?" என்கிறார். "பேடா" என்கிறேன். போட்டுத் தருகிறார். குடித்துவிடுகிறேன். அவர் ரசத்தில் இன்னும் புளி அதிகம். தவமணி தினம் பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டுவார். நேற்றுக் கறுத்த செடிகளைப் பிடுங்க அவர்தான் பை கொண்டுவந்தார். பிடுங்கும்போது, "அடுத்த வருசம் புதுசு வாங்கலாம் அக்கா, மகளும் வந்திடுவா" என்றார். நான் அடுத்த செடியைப் பிடுங்கினேன்.

செல்வி அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி நம்ம ஊருக்குப் போகிறாள். முதல் தடவை வீட்டைப் பார்க்க வந்தேன் என்றாள். அடுத்த தடவை ஒட்டடை அடித்தேன் என்றாள். அப்புறம் கதவுக்குப் பெயிண்ட் அடித்தேன் என்றாள். "இங்க காத்தே வேறம்மா. மத்தியானம் படுத்தா அப்படித் தூக்கம் வருது" என்றாள். ஒரு வருஷம் இருக்கப்போகிறவள் எதற்குக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறாள்?

போன வாரம் பேசும்போது, "வாசல்ல ஒரு ரோஜா வெச்சிருக்கேம்மா" என்றாள். சின்ன வயசில் ஒரு செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றாத பெண்.

"எதுல வெச்ச?" என்றேன்.

"வாசல்லதாம்மா."

"வாசல்ல சரி. எதுல?"

"செவப்பு ரோஜாம்மா, நல்லா வந்துகினு கீது."

இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லை. வீடியோவில் காட்டுடி என்றேன். காட்டினாள். பூவை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறாள். அடி தெரியவில்லை. போனைக் கொஞ்சம் கீழே இறக்கு என்றேன், சிக்னல் போய்விட்டது என்றாள்.

இதைப் படிக்கிற நம்ம ஊர்க்காரர்கள் யாராவது தயவுசெய்து நான் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும். ஆபீஸ் வாசலில் பூந்தொட்டி வைத்தது பற்றி நான் சொன்னது சரிதானா, வைத்தது டேலியாவா செவ்வந்தியா, பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அதில் தப்பு இருந்தாலும் பரவாயில்லை. முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதுதான். கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி, குழாயடி தாண்டி மூன்றாவது லைன், எதிரில் மேரி வீடு. கதவு முன்பு பச்சை. இப்போது என்ன கலரோ. அந்த வாசலில் ஒரு ரோஜா இருக்கிறதா, இருந்தால் டப்பாவில் இருக்கிறதா, மண்ணில் இருக்கிறதா? குனிந்து அடியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

டப்பாவில் என்றால், தண்ணீர் அதிகம் ஊற்றாதே என்று அவளிடம் சொன்னால் போதும். மண்ணில் என்றால் அவள் அங்கேயே தங்கப் பார்க்கிறாள், எனக்கு எழுதுங்கள். பேப்பர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கட்டிலுக்கு அடியில் இருக்கிற அந்தப் பையை நான் இன்னும் பிரிக்கவில்லை.